ப்ராஸ்பெக்ட் என்றால் வாய்ப்பு இல்லை, ஆள்

"அணியின் தலைசிறந்த வெளிப்புற வாய்ப்பு விரைவில் செயலில் உள்ள பட்டியலில் சேரக்கூடும்." பேஸ்பால் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் இந்த ரக வாக்கியம்தான் வந்து விழுகிறது. இயந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை, அதுதான் எரிச்சல். படித்தால் ஏதோ வீட்டுமனை விளம்பரம் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஒரு இளைஞனைப் பற்றிய செய்தி. அவன் வெளிக்களத்தில் (மட்டைக்காரரிடமிருந்து தள்ளி இருக்கிற மைதானப் பகுதி) ஆடுகிறவன், கீழ்நிலை அணியில் வெளுத்து வாங்குகிறான், பெரிய அணிக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று ஊரே கேட்கிறது. இதில் "வாய்ப்பு" எங்கே வந்தது? ஆங்கிலத்தில் ப்ராஸ்பெக்ட் என்று இருந்ததை அகராதி பார்த்து அப்படி மாற்றியிருக்கிறார்கள்.

ப்ராஸ்பெக்ட் என்ற சொல்லின் பிறப்பு சுலபமானது, சீக்கிரம் முடித்துவிடலாம். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே, 'ஸ்பெக்கெரே' என்றால் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து முன்னோக்கிப் பார்த்தல். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் கண்முன் விரியும் காட்சி என்ற பொருளில் இருந்தது, அப்புறம் மனக்கண்ணால் பார்க்கிற எதிர்காலம், எதிர்பார்ப்பு என்று நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடிப் போனவர்கள் நிலத்தைத் தோண்டிப் பார்ப்பதற்கும் இதையே வினையாக்கிக்கொண்டார்கள். பிறகு ஆளையும் குறிக்க ஆரம்பித்தது: வாடிக்கையாளராக வரக்கூடியவர், அணிக்குத் தேறக்கூடியவர். பங்கு வெளியீட்டின்போது தருகிற ப்ராஸ்பெக்டஸ் இதே குடும்பம்தான். நூலிழை ஒன்றுதான், பார்வை. ஒருவர் பார்க்கிறார், இன்னொருவர் பார்க்கப்படுகிறார்.

பேஸ்பாலில் இந்தப் பார்வை வெறும் உவமை இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. ஸ்கவுட் என்பவர் பள்ளி மைதானம், கல்லூரி மைதானம் என்று சுற்றி, பந்தடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், களத்தடுப்பு, எறியும் கை என ஐந்தையும் தனித்தனியாக 20 முதல் 80 வரை உள்ள அளவுகோலில் மதிப்பிடுகிறார். 50 என்றால் பெரிய லீகின், அதாவது அமெரிக்காவின் உச்சநிலைத் தொடரான மேஜர் லீகின் சராசரி. பதினேழு வயதுப் பையனுக்கு இன்றைய மதிப்பெண் ஒன்று, வளர்ந்தபின் எட்டக்கூடிய மதிப்பெண் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ப்ராஸ்பெக்ட் என்ற சொல்லின் முழு அர்த்தமும்.

ஒரு ஆளை வைத்துப் பேசுவோம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ரோமன் ஆன்டனி. ஃப்ளோரிடாவில் பள்ளி முடித்தவரை 2022 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வில், 79ஆவது ஆளாக எடுத்தார்கள். கிரீன்வில், போர்ட்லண்ட், வுஸ்டர் என்று கீழ்நிலை அணிகளில் படிப்படியாக ஏறினார். (எழுத்தைப் பார்த்து வொர்செஸ்டர் என்று எழுதுகிறார்கள். அந்த ஊர்க்காரர் வாயில் அது வுஸ்டர்தான்.) 2025இல் ப்ராஸ்பெக்ட் தரவரிசையில் முதலிடத்துக்கே வந்துவிட்டார், ஆனால் மேலே இடம் இல்லை. இடதுபுறம் ஜாரன் டுரான், நடுவில் செடான் ரஃபேலா, வலதுபுறம் வில்யர் அப்ரேயு. ஜூன் 7 அன்று வுஸ்டர் அணிக்காக 497 அடி தூரத்துக்கு ஒரு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கிற ஹோம் ரன்) அடித்தார். ஜூன் 9 அன்று அப்ரேயு காயப்பட்டியலுக்குப் போக, அன்றே ஆன்டனியை ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் இறக்கினார்கள். ஆகஸ்டில் எட்டு ஆண்டுகளுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம். இதற்கெல்லாம் முந்தைய மூன்று வருடமும் அவர் ப்ராஸ்பெக்ட். இந்த மூன்று வருடத்தைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்பதுதான் கேள்வி.

"வாய்ப்பாளர்" என்று ஒரு சொல்லைச் சிலர் பிடித்துத் தொங்குகிறார்கள். இதை விடவே முடியாது என்கிற மாதிரி. அகராதியில் ப்ராஸ்பெக்ட்டுக்கு நேராக வாய்ப்பு என்று இருக்கிறது, ஆளைக் குறிக்க 'ஆளர்' சேர்த்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பு. பொறுப்பாளர் என்றால் பொறுப்பைக் கையில் வைத்திருப்பவர், பேச்சாளர் என்றால் பேச்சு அவருடையது. அப்படியானால் வாய்ப்பாளர் என்பவர் வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். பேஸ்பாலில் வாய்ப்பு ஆட்டக்காரன் கையில் இல்லவே இல்லை, அது முழுக்க முழுக்க அணி நிர்வாகத்தின் சட்டைப்பையில் இருக்கிறது. பொருளின்படி பார்த்தால் வாய்ப்பாளர் பொது மேலாளர்தான், பையன் இல்லை.

வேட்பாளர் என்பதை ஏற்கவில்லையா, இதை ஏற்றால் என்ன என்று கேட்கிறார்கள். வேட்பு என்பது விருப்பம். தேர்தலில் நிற்பவர் தானே விரும்பி நிற்கிறார், அதனால் அந்தச் சொல் பொருந்துகிறது. வாய்ப்பு அப்படிப்பட்ட சொல் இல்லை. வாய்த்தல் என்றால் தானாக அமைவது. நல்ல மருமகள் வாய்த்தாள் என்கிறோம், அதில் அதிர்ஷ்டத்தின் வாடை உண்டு. ஐந்து திறனையும் அளந்து, மூன்று வருடம் பஸ்ஸில் ஊர் ஊராக ஆடவிட்டு, மட்டை வீச்சைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒருவனை மேலே கொண்டுவருவதற்குப் பெயர் வாய்த்தல் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, பேஸ்பால் பார்க்காதவர்கள் மொழிபெயர்ப்பதால்தான் இது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பேஸ்பால் புள்ளிவிவரத்தில் "சான்ஸ்" என்று தனியாக ஒரு கணக்கே உண்டு. களத்தடுப்பாளர் பிடித்து வெளியேற்றியது, வெளியேற்ற உதவியது, கோட்டைவிட்டது, மூன்றையும் கூட்டினால் அவருக்கு வந்த மொத்த சான்ஸ். அதற்குத் தமிழில் வாய்ப்பு என்பதைத் தவிர வேறு சொல் வேண்டியதில்லை. ஆக "வெளிக்கள வாய்ப்பு" என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் அதை வெளிக்களத்தில் வந்த கேட்ச் என்றுதான் புரிந்துகொள்வார். அப்புறம் "வாய்ப்பாளருக்கு வாய்ப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவு" என்றெல்லாம் எழுத வேண்டி வரும். எழுதியும் இருக்கிறார்கள்.

"நம்பிக்கை நட்சத்திரம்" செய்தித்தாள் பழக்கம். சினிமாவுக்கும் கட்சிக்கும் கிரிக்கெட்டுக்கும் தேய்ந்த சொல், அதோடு பொய்யும்கூட. தரவரிசையில் உச்சிக்குப் போனவர்கள் எல்லாரும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. டெல்மன் யங் என்ற வெளிக்கள வீரரை 2003 டிராஃப்டில் தாம்பா பே அணி முதல் ஆளாக எடுத்தது. பத்து பருவம் பெரிய லீகில் ஆடினார், அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அந்தந்த வருடத்தின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. ப்ராஸ்பெக்ட் என்ற சொல்லுக்குள் தோற்றுப்போகும் சாத்தியமும் இருக்கிறது. நட்சத்திரம் என்று முதலிலேயே பட்டம் கட்டிவிட்டால் அது காணாமல் போய்விடுகிறது.

"வருங்கால வீரர்" பார்வைக்கு நல்ல சொல், ஆனால் நம் ஊர்ச் சுவரொட்டிகள் அந்த 'வருங்கால'வைக் கெடுத்துவிட்டன. வருங்கால முதல்வரே என்று ஒட்டினால் இன்றைக்கு அவர் முதல்வர் இல்லை என்று அர்த்தம். வருங்கால மாப்பிள்ளையும் அப்படியே. வருங்கால வீரர் என்றால் இன்றைக்கு வீரர் இல்லை என்றாகிறது. ஆன்டனி 2022இலேயே 25 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட தொழில்முறை ஆட்டக்காரர். வீரர்தான், மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

தனித்தமிழ் நண்பர்கள் "எதிர்நோக்கர்" என்றும் "எதிர்நோக்கு வீரர்" என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். லத்தீன் வேருக்கு எழுத்துக்கு எழுத்து விசுவாசமாக இருக்கிறது, அதற்காகவே பிடித்துக்கொண்டார்கள் போல. ஆனால் எதிர்நோக்குகிறவர் யார், எதிர்நோக்கப்படுகிறவர் யார்? 'எதிர்நோக்கர்' என்றால் பார்க்கிறவர், அதாவது ஸ்கவுட்! வேரை அப்படியே கொண்டுவந்து நட்டால் சொல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. வாசகனுக்குப் புரியாத தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. பேஸ்பாலையே நான் பேஸ்பால் என்றுதான் எழுதுகிறேன், அடிபந்தாட்டம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

சரி, நான் எதைச் சொல்கிறேன்? வளர்வீரர்.

ஊறுகாயை வைத்து வினைத்தொகை படித்தவர்கள்தானே நாம் எல்லாரும். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்று காலமும் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கும். வளர்பிறையும் அப்படித்தான். வளர்வீரர் என்றால் இதுவரை வளர்ந்தவர், வளர்ந்துகொண்டிருப்பவர், இனியும் வளரப்போகிறவர். இன்றைய மதிப்பெண்ணும் நாளைய மதிப்பெண்ணும் சேர்ந்த அந்த இரட்டைக் கணக்குக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கணம் ஆங்கிலத்திலேயே இல்லை. கீழ்நிலை அணிகளின் அமைப்பை அமெரிக்கர்கள் 'பண்ணை' என்றுதான் சொல்கிறார்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பிராஞ்ச் ரிக்கி அதைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். பண்ணையில் இருப்பது வளரும், வேறென்ன.

கீழ்நிலை அணியில் இருக்கிற எல்லாருமே வளர்வீரர்தானா என்று ஒரு ஆட்சேபம் வரும். இல்லை, அங்கேதான் இந்தச் சொல் கைகொடுக்கிறது. பெரிய லீகின் 30 அணிகளில் ஒவ்வொன்றுக்கும் கீழே முழுப் பருவமும் ஆடும் நான்கு அணிகள், ஆக மொத்தம் 120. அத்தனை அணியையும் நிரப்ப ஆள் வேண்டும். இருபத்தெட்டு வயதில் அதே நிலையில் நான்காவது வருடமாக ஆடிக்கொண்டிருப்பவரை யாரும் ப்ராஸ்பெக்ட் என்பதில்லை, அவர் வளர்ச்சி நின்றுவிட்டது. வளர்வீரர் என்ற சொல் அவரைத் தானாகவே விட்டுவிடுகிறது. மேலே போனவரையும் விட்டுவிடும்: பெரிய லீகில் 130 முறை மட்டை பிடித்த கணக்கைத் தாண்டினால் புதுமுகத் தகுதி போய்விடும், அதோடு தரவரிசைப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆன்டனி 2025இலேயே தாண்டிவிட்டார்.

தொடக்கத்தில் காட்டிய அந்த ஒரே வாக்கியத்தில் இன்னும் சில்லறைத் தப்புகள் உண்டு. வெளிப்புறம் என்றால் கட்டடத்துக்கு வெளியே. வெளிக்களம் என்று எழுதக் கை வலிக்காது. அங்கே பட்டியல் என்று வந்ததற்கு ஆங்கிலத்தில் ரோஸ்டர். அது டச்சுக்காரர்கள் வாட்டுகிற இரும்புச் சட்டத்துக்கு வைத்த பெயர், கோடு போட்ட தாள் அந்தச் சட்டம் மாதிரி இருந்ததால் பெயர்ப்பட்டியலுக்கு ஆகிவந்தது. வேறு சிலர் அதை "சுழற்சிப் பட்டியல்" என்கிறார்கள், நம் அலுவலகங்களில் இனச்சுழற்சிக்கு ரோஸ்டர் என்று சொல்லும் பழக்கத்தால். பேஸ்பாலில் சுழற்சி என்றால் ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் முறைவைத்து வீசுவது. வேறு விஷயம். 26 பேர் ஆடும் பட்டியல், 40 பேர் ஒப்பந்தப் பட்டியல் என்று எழுதினால் குழப்பமே இல்லை.

ஆப்ஷன் என்பதை "விருப்பத்தேர்வு" என்று போடுகிறார்களே, அதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம். யார் விருப்பம்? 40 பேர் பட்டியலில் இருக்கும் ஒருவரைப் பொதுவாக மூன்று பருவங்கள் வரை கீழே அனுப்பவும் மேலே கூப்பிடவும் அணிக்கு இருக்கும் உரிமை அது. ஆட்டக்காரரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். "கீழிறக்கும் உரிமை" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

சர்வீஸ் டைம் என்பதைச் "சேவை நேரம்" என்று ஆக்கி வங்கிக் கவுன்டர் அறிவிப்பாக்கிவிட்டார்கள். பெரிய லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு ஆண்டுக் கணக்கு, ஆறு ஆண்டு சேர்ந்தால் எந்த அணியோடும் பேரம் பேசலாம். ப்ராஸ்பெக்ட்டை எப்போது மேலே கொண்டுவருவது என்ற திட்டமெல்லாம் இந்த நாள் கணக்கைச் சுற்றித்தான். 2015இல் சிகாகோ கப்ஸ் தங்கள் முதல்நிலை வளர்வீரர் கிரிஸ் பிரயன்ட்டைப் பருவம் தொடங்கிச் சில நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்றுதான் இறக்கியது. வருடக் கடைசியில் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைவு, அதனால் அணியின் பிடியில் இன்னும் ஒரு வருடம். முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. இதைச் சேவை நேரம் என்று எழுதினால் அவர் எதற்குச் சண்டை போட்டார் என்றே புரியாது. பணிக்காலம் என்று எழுதுங்கள், அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்த யாரும் ஒரு நாள் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே மாட்டார்கள்.