வராதவர்களிடம் கேளுங்கள்

எங்கள் மனநல சிகிச்சைப் பிரிவுக்கு மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று மாதமாகக் காணோம். 'சிகிச்சைக்கு ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதிவிட்டேன். நாங்கள் வழக்கமாக எழுதுவதுதான். அப்புறம் போன் போட்டுக் கேட்டால், துணைக்கு வரும் தம்பியோடு சேர்த்து இரண்டு பேருடைய ஒருநாள் கூலி போகிறது என்கிறார். மருந்தை நிறுத்தியதில் தூக்கம் போய், பழைய சந்தேகங்களும் பயமும் திரும்பியிருந்தன. நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தோம், மருந்தும் கேட்டது. நாங்கள் வைத்திருந்த காலை நேரம்தான் அவருக்கு ஒத்துவரவில்லை.

மனநலத்தில் புதுமை என்றாலே பேச்சு கைபேசிச் செயலிகள் பக்கம் போய்விடுகிறது. எனக்கு அதில் வெறுப்பு இல்லை, காணொளி ஆலோசனை நானும் செய்கிறேன். ஆனால் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் இன்னொருவர் கையில் என்றால், ஒரு பெண் எதைத்தான் மனம்விட்டுப் பேசுவார்? எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தது கேமராவில் எனக்குத் தெரியவே இல்லை. இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'தனியாக இருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, இதில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்.'

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பேருந்துக்குப் பணம் இல்லாமல் சிகிச்சைக்கு வர முடியாமல்போன ஓர் இளம்பெண் உயிரிழந்தது அவரை உலுக்கியது. 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வு என்ற பெயரையே அவர்கள் எடுப்பதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பது, என்று ஊரே சொல்லும் சொல்லிலிருந்து பேச ஆரம்பிக்கிறார்கள். வந்தவர் தன் பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், அதற்கு இந்த வாரம் எடுக்கக்கூடிய சின்ன அடி எது என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சில் பேசியவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகவே குறைந்திருந்தன.

இதைச் சொன்னால் சக மருத்துவர்கள் சிலர், ஏழைகளுக்கு மட்டும் பாட்டி, வசதியானவர்களுக்கு நிபுணரா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் அன்றே நிபுணரிடம் போய்ச்சேர வழி இருக்க வேண்டும். அந்தப் பாட்டிமாரைப் போல உட்கார்ந்து பேசிக் கேட்பவர்களுக்கு வாராவாரம் வழிகாட்ட ஆள் வேண்டும், உழைப்புக்குச் சம்பளமும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்குவதை நானும் ஆதரிக்க மாட்டேன்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை சின்னதுதான். வராமல் நின்றவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து காரணம் கேட்க ஒரு ஆளுக்கு நேரம் ஒதுக்குங்கள், அந்தப் பதில்களை வைத்து மூன்று மாதம் எதையாவது மாற்றிப் பார்க்க அனுமதி கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்களால் வாரத்தில் ஒருநாள் மாலை நேரமும் பார்க்கத் தொடங்கினோம். அந்த மனிதர் இப்போது வேலை முடித்துவிட்டுத் தம்பியோடு வருகிறார்.