"தூக்கிக்கிறோம் சார்"னு சொல்ற நாடகக் குழுக்களுக்கு

மறுபடியும் அதே கதை. சென்னையில ஒரு குழுவோட நாடகம், ஹால் முதல் மாடியில, லிஃப்ட் கிடையாது, வீல்சேர்ல வந்த அம்மாவை நாலு பசங்க சேரோட தூக்கிட்டுப் போக, பாதிப் படியில கைப்பிடி கழண்டு கையோட வந்துருச்சு. நல்லவேளை விழல. கேட்டா "நாங்க இருக்கோம்ல சார், தூக்கிக்கிறோம்"னு பெருமையா சொல்றாங்க.

தூக்குறது வசதி இல்லப்பா. நிறைய வீல்சேர்ல கைப்பிடி, கால்மிதி எல்லாம் கழட்டி மாட்டுற மாதிரிதான் இருக்கும், அதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. அது கூடப் பரவால்ல, முன்னப்பின்ன தெரியாத நாலு ஆம்பளைங்க தூக்குறாங்க, ஹாலே திரும்பிப் பாக்குது, இடைவேளைல பாத்ரூம் போகணும்னா மறுபடி அந்த நாலு பேரைத் தேடணும், இதுக்குப் பயந்தே மத்தியானத்துலருந்து தண்ணி குடிக்காம வர்றவங்க இருக்காங்க. அடுத்த தடவை எப்படி வருவாங்க? அப்புறம் நீங்களே "அவங்கல்லாம் நாடகம் பாக்க வர்றதில்லையே, யாருக்கு இந்த ரேம்ப், சாய்வுப் பாதையெல்லாம்"னு கேக்குறீங்க.

ரேம்ப்னா படி மேல பலகையைச் சாத்துறது இல்ல. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், 2 அடி மேடைன்னா 24 அடி. அவ்ளோ இடம் இல்லையா, கீழ்த்தளத்துல ஹால் பிடிச்சு தரையிலயே நடிங்க, தெருக்கூத்து தரையிலதான நடக்குது. அதுல வேஷக்காரர் திரைக்குப் பின்னாடியே தான் யாருன்னு பாடிட்டுதான் வெளிய வருவார், பார்வை இல்லாதவங்களுக்கும் வேஷம் புரிஞ்சிடும். நாம நவீன நாடகம்னு பத்து நிமிஷம் பேசாம நடந்துட்டே இருக்கோம், அந்த நேரத்துல அவங்க என்ன பண்றது?

நடிகர் விஷயம் இன்னும் மோசம். ஒத்திகையை மொட்டை மாடியில வெச்சுட்டு "மாற்றுத்திறனாளி நடிகர் கிடைக்கல"ன்னு சொல்றீங்க. திருநங்கை வேஷத்துக்கு ஒரு பையனுக்குச் சேலை கட்டிச் சிரிக்க வைக்கிறதையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, நடிக்கத் தெரிஞ்ச திருநங்கைகள் இந்த ஊர்லயே இருக்காங்க.

சைகைமொழி பெயர்ப்பாளருக்கு ஸ்கிரிப்டை முன்கூட்டியே குடுங்க, அவங்க முகத்துலயும் கையிலயும் லைட் விழணும், தூணுக்குப் பின்னாடி நிக்க வைக்காதீங்க. வெட்டி வெட்டி அடிக்கிற லைட் இருந்தா வாசல்லயே எழுதி ஒட்டுங்க, வலிப்பு இருக்கிறவங்கள்ல சிலருக்கு அது ஆபத்து. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கலை, பண்பாடுன்னு தனியாவே பேசுது, அதனால இதை தர்மம் பண்ற மாதிரி பண்ண வேணாம்.

போஸ்டர்ல படி எத்தனை, லிஃப்ட் உண்டா, பாத்ரூம் எந்த மாடின்னு ரெண்டு வரி போடுங்க, கூடவே ஒரு போன் நம்பர். நாடகத்தன்னிக்கு அந்த போனை மட்டும் சைலண்ட்ல போட்டுடாதீங்க, ப்ளீஸ்.