மூன்றாம் நாள் நோ: பல் பிடுங்கிய குழிக்குள் என்ன நடக்கிறது?

பெரியம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு நாள் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. ஒட்டுசுட்டான் வீட்டு முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவினார், கஞ்சி குடித்தார், நேரத்துக்குப் படுத்தார். மூன்றாம் நாள் விடியப்புறம் எழும்பிப் பார்த்தால், கன்னத்தைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் இருக்கிறார்.

"பல்லு இருக்கேக்கயே இப்பிடி நோகேல்லை மோனை. இப்ப காதுக்குள்ள போய்க் குத்துது. வேர்த் துண்டு ஒண்டை உள்ளுக்க விட்டிட்டினம் போல."

வன்னியில் பல்லுப் பிடுங்கியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பொறுக்க முடியாத நோ. உடனே பழி பிடுங்கினவர் தலையில் விழுந்துவிடும். பெரும்பாலும் அது அநியாயமான பழி. குழிக்குள் நடக்கும் கதை வேறு.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். பல் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பாக, ஜெலி மாதிரி ஓர் இரத்தக் கட்டி இருக்க வேண்டும். அது இல்லை. குழி வெறுமையாகக் கிடந்தது. அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு தெரிந்தது, ஓரத்தில் இரண்டு சோற்றுப் பருக்கை. சீழ் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் ஒரு கெட்ட வாடை. பல் வைத்தியர்கள் இதை டிரை சொக்கற் என்பார்கள். உலர்ந்த குழி என்று சொல்லலாம். 1896இல் குரோஃபோர்ட் என்பவர் வைத்த பெயர், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, அந்தக் கட்டி ஏன் அவ்வளவு முக்கியம்? பல்லைப் பிடுங்கியதும் குழி இரத்தத்தால் நிரம்புகிறது. இரத்தத்தில் கரைந்திருக்கும் பைபிரினோஜன் என்ற புரதம், நூல் நூலாகப் பின்னிய பைபிரின் வலையாக மாறுகிறது. அந்த வலைக்குள் குருதிக் கலங்களும் சிறுதட்டுக்களும் சிக்கி, மெத்தென்ற ஒரு மூடி உருவாகிறது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். மூடிக்குக் கீழே வேலை தொடங்குகிறது. ஒரு கிழமைக்குள் புதிய இரத்தக் குழாய்கள் ஓடும் மென்மையான இழையம் கட்டியின் இடத்தைப் பிடிக்கும். இரண்டாம் கிழமையளவில் ஓரங்களிலிருந்து எலும்பு முளைக்கத் தொடங்கும். அதற்கு மேலாக முரசுத் தோல் வந்து மூட இன்னும் சில கிழமைகள் எடுக்கும். குழி முழுவதும் எலும்பாகி முதிர மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் தாடை விளிம்பு ஒடுங்கியும் போகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு கடைவாய்ப் பக்கத்துக் குழிகளை ஒரு வருடம் அளந்து பார்த்ததில், விளிம்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. பிடுங்கிய கையோடு கட்டிய பல்லு பிறகு தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் முதல் படி அந்தக் கட்டிதான். அது போனால் எலும்பும் அதிலுள்ள நரம்பு முனைகளும் எச்சிலுக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே திறந்து கிடக்கும். நோ காதுவரை ஓடுவது ஏனென்றால், கீழ்த்தாடைக்கும் காதுப் பக்கத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன.

கட்டி போவது எப்படி? கை பட்டு விழுவது மட்டும் காரணம் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பிர்ன் என்ற ஆய்வாளர் 1970களில் விளக்கிய வழி இதுதான்: அடிபட்ட எலும்பிலிருந்தும் அங்கிருக்கும் கிருமிகளிடமிருந்தும் வரும் பொருள்கள், இரத்தத்தில் சும்மா இருக்கும் ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்பி பிளாஸ்மின் ஆக்குகின்றன. பிளாஸ்மினின் வேலையே பைபிரின் நூலை வெட்டுவது. காயம் ஆறிய பிறகு பழைய வலையைக் கலைப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் கத்தரிக்கோல் அது. இங்கே நேரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கட்டி உள்ளிருந்தே கரைகிறது, அதற்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். மூன்றாம் நாள் கணக்கு இப்படித்தான் வருகிறது.

மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் இது மிக அதிகம், அங்கே எலும்பு இறுக்கம், இரத்த ஓட்டம் குறைவு. கஷ்டப்பட்டுப் பிடுங்கிய பல், முன்பே கிருமி பிடித்திருந்த பல், புகைப்பழக்கம், பெண்களில் கருத்தடைக் குளிசை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். பெரியம்மாவிடம் இன்னொன்றும் இருந்தது. கேட்டதற்கு முதலில் தலையை ஆட்டினார், பிறகு சொன்னார்: "ஒரு வாய் தான் போட்டனான். வாய் புளிச்சுப் போச்செண்டு." பிடுங்கின அன்று பின்னேரமே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. பாக்குத் தூளும் சுண்ணாம்பும் புண்ணில் படுகின்றன. புகையிலையின் நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எக்கித் துப்பும்போது வாய்க்குள் வரும் இழுவை, இளம் கட்டியைப் பிடித்து உலுப்புகிறது.

அன்றே திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் குழியைச் சேலைன் நீரால் கழுவி, கராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தைத் துணித் துண்டில் தோய்த்து உள்ளே வைத்தார். பத்து நிமிடத்தில் பெரியம்மாவின் தோள் தளர்ந்தது. வேர்த் துண்டு எதுவும் உள்ளே இல்லை. நுண்ணுயிர் எதிர்ப்புக் குளிசையும் தரவில்லை. உலர்ந்த குழியைக் குணமாக்க அது தேவையில்லை, ஒரு கிழமை பத்து நாளில் தானாக ஆறும்.

தானாக ஆறும் என்ற இந்த வார்த்தையில்தான் ஆராய்ச்சிக்காரர்களின் தலையிடி இருக்கிறது. சாதாரணமாகப் பல்லுப் பிடுங்கும் நூறு பேரில் உலர்ந்த குழி வருவது ஒன்று முதல் ஐந்து பேருக்கு. மிச்சம் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதுவும் செய்யாவிட்டாலும் வராது. ஆகவே உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன் வரவில்லை, நேர்த்தி வைத்தேன் வரவில்லை, வேப்பிலை அவித்துக் குடித்தேன் வரவில்லை என்று எவரும் சொல்லலாம். எல்லாரும் உண்மையே சொல்கிறார்கள். எது வேலை செய்தது என்பதை மட்டும் அந்த உண்மைகள் காட்டமாட்டா.

இதற்கு வழி வயலில் இருந்து வந்தது. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் செய்கை பண்ணும் ஒருவர் புதுப் பசளையைச் சோதிக்க விரும்பினால், தன் வயலில் போட்டுவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர் விளைச்சலோடு ஒப்பிடமாட்டார். மண் வேறு, தண்ணீர் வேறு. ஒரே வயலை வரம்பு கட்டிப் பிரித்து, ஒரு பாதிக்குப் போட்டு மற்றப் பாதியை விடுவார். எந்தப் பாதி என்பதையும் தன் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் பார்த்தால்தான் அது சரியான சோதனை. இந்தச் சீட்டுக் குலுக்கலை முறையாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். 1920களில் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்துகொண்டு செய்தார். மருத்துவ ஆய்வுகளும் அங்கிருந்துதான் இதை எடுத்துக்கொண்டன.

வாய் ஓர் அதிசயமான வயல். அதில் இயற்கையிலேயே வரம்பு உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஆளுடையவை: அதே வயது, அதே இரத்தம், அதே பழக்கம். கீழே இரண்டு பக்கமும் ஞானப்பல் புதைந்து கிடக்கும் ஒருவரிடம், ஒரு குழிக்குள் மருந்துக் களியை வைத்து, மற்றக் குழிக்குள் மருந்தில்லாத அதே நிறக் களியை வைக்கலாம். எந்தப் பக்கத்துக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பிறகு குழியைப் பார்க்க வருகிறவருக்கு அது தெரியக்கூடாது. பிளந்த வாய் ஆய்வு என்று இதற்குப் பெயர். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அடிபட்டுப் போவதால், குறைந்த ஆட்களை வைத்தே பதிலைக் காணலாம். உடம்பின் எல்லாப் பகுதியிலும் இவ்வளவு வசதியாக இதைச் செய்ய முடியாது. எனக்கு இந்த முறை மேல் பெரிய மதிப்பு உண்டு.

ஆனால் வரம்பு உடைந்தால் எல்லாம் போச்சு. மேல் வயலில் யூரியா எறிந்த பிறகு மழை வந்தால் அது கீழ் வயலுக்கும் வடிந்துவிடும். வாய் கொப்பளிக்கும் மருந்தும் அப்படியே, ஒரு பக்கத்துக்கு மட்டும் கொப்பளிக்க முடியாது. குளிசையும் இரத்தத்தில் கலந்து இரண்டு பக்கமும் போகும். அதனால் கொப்பளிப்பு மருந்தைச் சோதிக்கும்போது வாயைப் பிளக்காமல் ஆட்களையே இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். உப்புத் தண்ணீரையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். நைஜீரியாவில் நடந்த ஆய்வொன்றில், இளஞ்சூட்டு உப்புநீர் கொப்பளித்தவர்களுக்கு உலர்ந்த குழி கொப்பளிக்காதவர்களைவிடக் குறைவாகவே வந்தது. எங்கள் அம்மம்மாக்கள் சொன்ன வைத்தியம்தான். ஆனால் முதல் இருபத்துநாலு மணித்தியாலம் கழிந்த பிறகே கொப்பளிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. முதல் நாளே கடகடவென்று கொப்பளித்தால் கட்டியும் சேர்ந்து போய்விடும்.

கிருமி கொல்லும் மருந்தான குளோர்ஹெக்சிடீன் கொப்பளிப்பு பற்றி ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றைத் திரட்டி கொக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மீளாய்வின் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பிடுங்குவதற்கு முன்னும், ஒரு நாள் கழித்தும் இதைக் கொப்பளித்தால் ஆபத்து குறைகிறது. எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. உலர்ந்த குழி நூற்றில் ஒருவருக்கு மட்டும் வரக்கூடிய கூட்டத்தில், ஒருவரைக் காப்பாற்ற 162 பேர் கொப்பளிக்க வேண்டும். நூற்றில் ஐந்து பேருக்கு வரும் கூட்டத்தில் 33 பேர் போதும். நூற்றில் முப்பது பேருக்கு வரும் கூட்டத்தில், அதாவது புதைந்த ஞானப்பல்லை வெட்டி எடுப்பவர்கள் போன்றோரில், 7 பேர் கொப்பளித்தாலே ஒருவர் தப்புகிறார். மருந்து அதேதான். பல்லில் கறை, நாவில் ருசி மாறுதல், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை என்ற அதன் தொல்லைகளும் அவையேதான். ஆகவே 'இது நல்ல மருந்தா' என்று கேட்டால் பாதிக் கேள்விதான். 'யாருக்கு' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த 'யாருக்கு' எங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஞானப்பல் ஆய்வுகளில் சேர்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும், வேறு நோய் இல்லாத ஆட்கள். வலிக் குளிசைகளையும் 1970களிலிருந்து இவர்களிடமே சோதிக்கிறார்கள். விறைப்பு ஊசி தெளியும்போது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நோ வரும். நூறு மில்லிமீற்றர் நீளக் கோட்டில் நோ எவ்வளவு என்று ஒவ்வொரு மணித்தியாலமும் அவர்கள் புள்ளி வைப்பார்கள். 200 மில்லிகிராம் ஐபுபுரோபனும் 500 மில்லிகிராம் பரசிற்றமோலும் சேர்ந்தால் பல் நோவுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது என்று கண்டது இப்படித்தான். எங்கள் வீடுகளில் பனடோல் என்ற பரசிற்றமோல் மட்டும் தெரியும், ஆகவே இது பயனுள்ள செய்தி. ஆனால் வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதானவருக்கு ஐபுபுரோபன் கேடு. ஆய்வில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தியது, அறுபத்தைந்து வயதில் வெற்றிலை போடும், வயலில் வெயில் காய்ந்த பெரியம்மாவுக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் வயதுக்காரரும் எங்கள் பழக்கங்களும் உள்ள ஆய்வுகள் வேண்டும், சம்மதப் படிவத்தை நல்ல தமிழில் எழுதி, மடியில் வைத்து வாசித்துக் காட்டி நடத்தும் ஆய்வுகள்.

ஆறு மாதம் கழித்து பெரியம்மாவுக்கு மற்றப் பக்கத்துப் பல்லும் ஆடியது. பிடுங்கினார்கள். இந்தத் தடவை மூன்றாம் நாள் நோ வரவில்லை.

"பாத்தியே, உப்புத் தண்ணிதான். போன முறை விட்டிட்டன்."

ஒரே வாய், இரண்டு பக்கம், கிட்டத்தட்ட ஒரு பிளந்த வாய் ஆய்வுதான். ஆனால் இந்தப் பல் ஆடிக்கொண்டிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது. இந்தத் தடவை நான்கு நாள் வெற்றிலைத் தட்டத்தை நான் எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். உப்புத் தண்ணீரும் கொப்பளித்தார், இரண்டாம் நாளிலிருந்து. மூன்றும் ஒன்றாக மாறியிருக்கின்றன, குலுக்கலும் இல்லை. அதைப் பெரியம்மாவுக்கு வயல் கதை சொல்லி விளக்கினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அடுத்த பல்லுக்கு எதை விடுறது, எதைச் செய்யிறது?"

முதல் நாள் கொப்பளிக்காமல் இருங்கோ, வெற்றிலை ஒரு கிழமைக்கு வேண்டாம், உப்புத் தண்ணீர் இரண்டாம் நாளிலிருந்து என்றேன். அவர் தட்டம் எங்கே என்று கேட்டார்.