விட்டு விட்டு வரும் வலி

"வலி விட்டு வருதா, விடாம வருதாடி?"

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆயா கேட்ட முதல் கேள்வி இது. (எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் ஆயா என்றால் பாட்டி.) எனக்கு 39-ஆவது வாரம், தலைப்பிரசவம். இடுப்பில் ஆரம்பித்து அடிவயிற்றை வளைத்துப் பிடித்த அந்த நோவு எப்போது வந்தது, எப்போது போனது என்று கணக்குப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஆயா சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சீரகக் கஷாயம் வைத்தாள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், நிஜ நோவாக இருந்தால் கூடும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சீரகத்துக்கு வலியைத் தரம் பிரிக்கும் சக்தி இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் கஷாயம் கொதித்து, ஆறி, அதைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். உண்மையான சோதனை அந்த முக்கால் மணி நேரம்தான். பொய்வலி ஒழுங்கில்லாமல் வந்து, கொஞ்சம் நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ தேய்ந்துவிடும். பிரசவ வலி அப்படியில்லை. இடைவெளி சுருங்கும், ஒவ்வொரு வலியும் நீளும், வலுக்கும். பதறிப்போன வீட்டைக் காத்திருந்து பார்க்க வைக்க ஒரு டம்ளர் கஷாயத்தைவிட நல்ல தந்திரம் எனக்குத் தெரியவில்லை.

ஆயாவின் கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. குழந்தையை வெளியே தள்ளுவதுதான் வேலை என்றால் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டியதுதானே? ஏன் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து இத்தனை மணி நேரம் இழுத்தடிக்க வேண்டும்? பிள்ளை தூங்கிய நேரங்களில் இதைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

முதல் விடை, உள்ளே இருப்பவருக்கு மூச்சு வேண்டும் என்பது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அந்த ரத்தக் குழாய்கள் கர்ப்பப்பையின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் நஞ்சுக்கு, அதாவது குழந்தைக்கு மூச்சும் உணவும் தரும் உறுப்புக்கு, போகின்றன. தசை இறுகினால் குழாய்களும் நசுங்கும். வலி இல்லாதபோது கர்ப்பப்பைக்குள் அழுத்தம் 10 முதல் 15 மி.மீ. பாதரசம் இருக்கும்; நன்றாக வலுத்த வலியில் அது 50, 60, சில நேரம் 80-கூட ஆகும். பி.பி. பார்க்கக் கையில் பட்டை கட்டிக் காற்றடித்தால் விரல்கள் மரத்துப்போகுமே, அதே கதைதான். அந்த 45 விநாடி, ஒரு நிமிஷம், நஞ்சுக்குப் புது ரத்தம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

குழந்தை சமாளிக்கிறது. நஞ்சின் குழிகளில் ஏற்கெனவே தேங்கி நிற்கும் தாயின் ரத்தம் அதற்குக் கைச்செலவுக்கு ஆகும். குழந்தையின் ஹீமோகுளோபினும் நம்முடையதைவிட ஆக்சிஜனைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் வகை. ஆனால் கைச்செலவுப் பணம் எவ்வளவு நேரம் தாங்கும்? தசை விட்டுக்கொடுத்து, ரத்தம் மறுபடி பாய்ந்தால்தான் அடுத்த வலிக்குத் தெம்பு. வலி விடும் நேரத்தில் ஓய்வெடுப்பது தாய் மட்டுமல்ல, உள்ளே ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

லேபர் வார்டில் ஒன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வலி உச்சிக்குப் போய் இறங்கும்போது, 'அப்பாடா' என்று கண்ணை மூடப்போகும் அதே நொடியில், ஸ்டாஃப் நர்ஸ் வயிற்றில் டாப்ளரை (குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி) வைத்து அழுத்துவார். சும்மா இருக்கும்போது கேட்கக் கூடாதா? கூடாதுதான். குழந்தையின் இதயம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். வலியின்போது சற்று இறங்கினாலும் வலி விட்டதும் பழைய வேகத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க அந்த ஒரு நிமிஷத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது.

சரி, பிடிக்கச் சொல்வதும் விடச் சொல்வதும் யார்? இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்க ஒரு நிலையான இடம் உண்டு. கர்ப்பப்பையில் அப்படி ஒரு தலைமைச் செயலகம் கண்டுபிடிக்கப்படவில்லை. எட்டு ஒன்பது மாதம்வரை அதன் தசைச் செல்கள் ஆளுக்கொரு பக்கமாக லேசாகச் சுருங்கிக்கொண்டிருக்கும். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காது. பிரசவம் நெருங்கும்போது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கனெக்சின்-43 என்ற புரதத்தால் ஆன நுண்ணிய வாசல்கள் ஏராளமாகத் திறக்கின்றன. ஒரு செல்லில் எழும் மின்துடிப்பு அந்த வாசல்கள் வழியே பரவி, மொத்தத் தசையும் ஒன்றாக இறுகுகிறது. ஆக்சிடோசின் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் அந்தச் சமயத்தில் பல மடங்கு பெருகுகின்றன. மூளை அந்த ஹார்மோனைக் குழாய்த் தண்ணீர்போல ஒரேயடியாகத் திறந்துவிடுவதில்லை. விட்டு விட்டுப் பீய்ச்சுகிறது. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த அழுத்த, அந்தச் சேதி நரம்பு வழியே மூளைக்குப் போய் இன்னும் கொஞ்சம் சுரக்க வைக்கும். வலி வலியைக் கூட்டிக்கொண்டு வருவது இப்படித்தான்.

1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கர்ப்பப்பையை இறுக்குவதைக் கண்டார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர், அந்தச் சாற்றில் இருந்த ஆக்சிடோசினைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார். இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு வந்தது. வலி வர ட்ரிப்ஸ் போடுகிறோம் என்று சொல்லி ஏற்றுவது இதைத்தான். அதைச் சொட்டுக் கணக்கில், அரை மணிக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்டுவதற்குக் காரணம் பழைய காரணமேதான்: இடைவெளி கெட்டுவிடக் கூடாது. 10 நிமிஷத்தில் 5 வலிக்கு மேல் போனால் அதிகம் என்று ட்ரிப்ஸைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். சில நிமிஷங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து என்பதால் நிறுத்தினால் பலன் சீக்கிரம் தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா, "சீக்கிரம் ஏத்தி முடிங்க சிஸ்டர்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சிஸ்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கோபம் வந்தது எனக்கு.

ஆனால் ஒரு சந்தேகம் வரும். பிடித்த தசை விட்டுவிட்டால், தள்ளப்பட்ட குழந்தை பழைய இடத்துக்கே போய்விடாதா?

என் தாத்தா காசிமேட்டில் கட்டுமரத்தில் போனவர். கட்டுமரத்தைக் கரையேற்றுவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். 'ஐலசா' என்ற குரலுக்கு எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள். குரல் நின்றதும் தோள் தளரும், மூச்சு வாங்கும். ஆனால் இழுத்த கயிற்றை யாரும் திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்கள். பிடியைக் கொஞ்சம் முன்னால் மாற்றிக்கொண்டு அடுத்த குரலுக்குக் காத்திருப்பார்கள். கர்ப்பப்பைத் தசையின் தனிக்குணம் இதுவே. கையிலோ காலிலோ உள்ள தசை சுருங்கித் தளர்ந்தால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். கர்ப்பப்பையின் மேல்பாகத் தசை இறுக்கம் தளர்ந்தாலும் பழைய நீளத்துக்கு முழுசாகப் போவதில்லை. ஒவ்வொரு வலிக்கும் ஒரு இம்மி குட்டையாகிறது. மேல்பாகம் தடித்துக்கொண்டே வர, கீழ்ப்பாகம் மெலிந்து, கர்ப்பப்பை வாய் சட்டைக் கழுத்தைப் போல மேலே இழுபடுகிறது.

அந்த வாயும் சும்மா திறக்காது. மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். கர்ப்பம் தரிக்காதபோது அது அப்படி இருக்கும். பிறகு உதட்டைத் தொடுங்கள்; பிரசவத்துக்குத் தயாரான வாய் அந்தப் பதம். ப்ராஸ்டாகிளாண்டின்கள் என்ற உடல் ரசாயனங்களின் தூண்டலில், வாயைக் கெட்டியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரத நார்களின் கட்டு தளர்ந்து, நீர் கோத்து இளகுகிறது. தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் வாய் முதலில் மெலிந்து தீர்ந்த பிறகே அகலத் தொடங்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். தலைச்சன் பிள்ளை வர நாழியாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

விடிகாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்றார்கள். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். போக வேண்டியது 10. மத்தியானம் ஆகியும் 4-இல்தான் நின்றது. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. 1950-களில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் வரைந்த வரைபடத்தை ஒட்டி, மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு உலகம் முழுக்க வெகுகாலம் ஓடியது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தளர்த்தியது: 5 சென்டிமீட்டரிலிருந்துதான் வேகமான கட்டம்; அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் என்று வரையறை கிடையாது; தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை மணிக்கு 1 என்ற ஒரே கோலால் எல்லோரையும் அளக்க வேண்டாம். எனக்கு இது முன்னமே தெரிந்திருந்தால் அழுகை கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

5 தாண்டியதும் விறுவிறுவென்று ஓடியது. பனிக்குடம் உடைந்தது. இடுப்பெலும்பின் மேல்வாசல் பக்கவாட்டில் அகலம், கீழ்வாசல் முன்பின்னாக அகலம். ஆகவே குழந்தை பக்கம் பார்த்து நுழைந்து, முதுகுப் பக்கம் முகம் திருப்பி வெளியே வர வேண்டும். மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழிவிடும். "முக்கும்மா, வலி வரும்போது முக்கு, விட்டதும் மூச்சை இழு" என்று நர்ஸும் வார்டில் வேலை பார்க்கும் ஆயாம்மாவும் இரண்டு பக்கமும் கத்தினார்கள். மாலை 4 மணி 10 நிமிஷத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தாள். தலை கூம்பிப்போய், உடம்பெல்லாம் வெள்ளை மாவு அப்பி. துடைத்து, என் மார்மேல் போட்டார்கள். கொடி துடிப்பது நிற்கும்வரை கத்தரிக்காமல் கொஞ்சம் காத்தார்கள். நஞ்சில் மிச்சமிருக்கும் அவளுடைய ரத்தம் அவளுக்கே போய்ச் சேரட்டும் என்று.

இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் விதி தலைகீழாகிறது.

குழந்தை வந்துவிட்டது. நஞ்சு கழன்றதும், அரைக்கிலோ எடையுள்ள அது ஒட்டியிருந்த இடத்தில் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. நிமிஷத்துக்கு அரை லிட்டர் பாய்ந்த குழாய்கள். தையல் போட அங்கே யாராலும் முடியாது. கர்ப்பப்பைத் தசை நார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கின்றன. தசை இறுகினால் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு முடிச்சு விழும். இத்தனை மணி நேரம் விட்டுப் பிடித்தால்தான் உயிர் என்றிருந்த தசை, இனி விட்டால்தான் ஆபத்து. பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் ரத்தப்போக்குக்கு முதல் காரணம் கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று இருப்பதே. அதனால்தான் பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. ஏற்றும்போது சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்த அதே மருந்து, இப்போது மொத்தமாக.

நர்ஸ் என் கையை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்தினார். "பந்து மாதிரி கல்லா இருக்குதா? எளகினா உடனே கூப்பிடணும்." அங்கே கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக, கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.

மறுநாள் ஆயா வந்தபோது பிள்ளை சீம்பால் குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை சப்பும்போதும் அதே ஆக்சிடோசின் சுரந்து வயிற்றை இறுக்கும்.

"வயிறு இழுக்குதாடி?"

"லேசா, ஆயா."

"தலைச்சனுக்கு அப்படித்தான். எனக்கு நாலாவதுக்கு, பெத்த வலியவிட இதுதான் உசுர எடுத்துச்சு."

ஆயா சொன்னது சரிதான். முதல் பிரசவத்துக்குப் பிறகு தசை பெரும்பாலும் இறுகியபடியே இருந்துவிடும். பல பிள்ளை பெற்ற கர்ப்பப்பை தளர்ந்து, மறுபடி இறுகி, மறுபடி தளரும். விட்டு விட்டுத்தான் வலிக்கும்.