மவுஸ் யார் கையில்?

போன ஜூலையில் ஒரு நாள் மதியம், ப்ளஸ் டூ முடித்துப் போன பெண் ஒருத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது. உறுதி செய்யலாம் என்றால் உள்ளே நுழைய முடியவில்லை. "ஓடிபி வேற யாருக்கோ போகுது மிஸ்" என்றாள்.

விசாரித்தால், விண்ணப்பம் போட்டது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். மின்னஞ்சல் முகவரி அவர்கள் உருவாக்கியது. பாஸ்வேர்டு அவர்கள் வைத்தது. செல்பேசி எண், அன்றைக்கு அங்கே வேலையில் இருந்த பையனுடையது. வீட்டில் இருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருந்தாராம். அந்தப் பையன் இப்போது திருப்பூருக்குப் போய்விட்டான். உறுதி செய்ய இருந்த 2 நாளில் ஒன்றரை நாள் முடிந்திருந்தது. உதவி மையத்துக்கு ஓடி, திருப்பூர்ப் பையனைப் போனில் பிடித்து, ஒருவழியாகக் காரியம் முடிந்தது.

அந்தப் பெண் கணினி அறிவியலில் 94 மதிப்பெண். பாடம் எடுத்தது நான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி பயிற்றுநராக இருக்கிறேன். பள்ளியில் தொழில்நுட்பம் என்று யார் ஆரம்பித்தாலும், எத்தனை கணினி, எத்தனை அங்குலத் திரை, இணையம் என்ன வேகம் என்றுதான் பேச்சு ஓடும். நானும் பல வருடம் அப்படித்தான் பேசினேன். அந்த ஜூலைக்குப் பிறகு எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. மவுஸ் யார் கையில் இருக்கிறது?

எங்கள் ஆய்வகத்தில் 20 கணினிகள். ஓடுபவை 16, மழைக்காலம் என்றால் இன்னும் இரண்டு படுத்துவிடும். வகுப்பில் 43 பேர். ஒரு கணினிக்கு இரண்டு, மூன்று பேர் உட்கார வேண்டும். ஒரு வாரம் நான் பாடம் எதுவும் எடுக்காமல், யார் மவுஸைத் தொடுகிறார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலான கணினிகளில் பாடவேளை முழுக்க ஒரே ஆள்தான். வீட்டில் கணினி இருக்கும் பிள்ளை, அல்லது அண்ணன் ஐடியில் வேலை பார்க்கும் பிள்ளை. மற்ற இருவரும் டிவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் 43 பேருக்கும் செய்முறை நடந்ததாகத்தான் எழுதியிருந்தேன்.

இப்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் தட்டுவேன். தட்டியதும் நாற்காலி மாற வேண்டும். தெரிந்த பிள்ளை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், வாயால் மட்டும் சொல்லலாம். "அதை க்ளிக் பண்ணு" என்று சொன்னால் செல்லாது. எதை, திரையில் எந்த மூலையில், அதற்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரே சத்தம், சண்டை. "அவளுக்கு ஒண்ணும் தெரியல மிஸ், நேரம் வேஸ்டாகுது" என்று புகார். மூன்றாவது வாரத்தில் தெரிந்த பிள்ளைகளுக்கே ஒன்று புரிந்தது. செய்வது சுலபம், சொல்லித் தருவது கஷ்டம். ஒரு சின்ன கம்பெனியில் புதிதாகச் சேரும் ஆளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் செய்ய வேண்டியது இதேதான்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, போனிலேயே எல்லாம் செய்கிறார்கள்' என்று பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். போனில் ரீல்ஸ் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் போடும் பையனிடம், ஒரு கடிதம் தட்டச்சு செய்து உன் பெயரில் சேமி என்று சொல்லிப் பாருங்கள். சேமிப்பான். எங்கே என்று கேட்டால் தெரியாது. போனில் ஃபைல், ஃபோல்டர் எதுவும் கண்ணில் படுவதில்லை, கேட்டால் தானாக வந்து நிற்கிறது. "டவுன்லோடு ஆச்சு மிஸ், எங்க போச்சுன்னுதான் தெரியல" என்பது எங்கள் ஆய்வகத்தின் தேசிய கீதம். வேலைக்கு விண்ணப்பிக்க பயோடேட்டா கேட்டால், கையால் எழுதி, போனில் படம் எடுத்து, பொருள் வரியை வெறுமையாக விட்டு அனுப்புகிறார்கள். பெறுபவர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, போன் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இல்லை. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த 2023 ஏசர் (ASER) என்ற கல்விநிலை ஆய்வின்படி, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் 43.7 சதவீதம். பெண்களில் 19.8 சதவீதம். அந்த விண்ணப்பத்தில் திருப்பூர்ப் பையனின் எண் ஏன் ஏறியது என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. அதே ஆய்வில், அந்த வயதில் நான்கில் ஒருவருக்கு, தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாக வாசிக்க முடியவில்லை. திரையில் வரும் எழுத்தும் எழுத்துதானே. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு எத்தனை பெரிய திரை வாங்கிக் கொடுத்தாலும் அது படம் பார்க்கத்தான் ஆகும்.

இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா என்பதை உலகத்தில் பல இடங்களில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த பள்ளிகளில் கணினிப் புழக்கம் கூடியது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. டெல்லியில் நடந்தது வேறு கதை. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக 2.5 வருடம் பின்தங்கியிருந்தார்கள். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கேள்வி கொடுத்தது. கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆள். நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 2019-ல் ஆய்வு வெளியானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: டெல்லியில் ஒவ்வொரு பிள்ளையும் தானே பதில் போட்டாக வேண்டியிருந்தது, தப்பான இடம் அப்போதே தெரிந்தது. நம் வகுப்பறைகளில் பெரிய திரையில் ஓடும் அனிமேஷனில் அந்த இரண்டும் கிடையாது. அதைக் கரும்பலகைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இலவச மடிக்கணினியைப் பற்றிக் கேட்பீர்கள். 2011 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் நானே வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் போட்டு வந்தது. லினக்ஸ் பக்கம் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு வீட்டில் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சிலர் விற்றார்கள். ஒரு பையன் அதிலேயே டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்று, இன்று ஆரணியில் பட்டுக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறான். திட்டம் நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கொடுத்த பிறகு அதை வைத்து என்ன செய் என்று பள்ளி எந்த வேலையையும் தரவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பள்ளியில் நானும் இருந்தேன்.

சரி, என்ன வேலை தருவது?

ப்ளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் இருக்கிறது, அதில் கணக்கு அட்டவணை போடும் கால்க். மாணவர் பெயர், ஐந்து பாடம், கூட்டுத்தொகை, சராசரி என்று மதிப்பெண் பட்டியல் போடவைப்போம். பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். ஒரு வருடம் அதை விட்டுவிட்டு, வீட்டில் பால் ஊற்றுபவர்கள் சொசைட்டி அட்டையைக் கொண்டுவாருங்கள் என்றேன். தேதி, காலை, மாலை, லிட்டர், கொழுப்பு, விலை. எங்கள் பக்கம் பாதி வீட்டில் மாடு உண்டு. ஒரு பெண்ணின் அப்பா, சொசைட்டியில் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று பல மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். அவள் இரண்டு மாத அட்டையை உள்ளிட்டுக் கூட்டினாள். சொசைட்டிக் கணக்கு சரி. அப்பா தன் நோட்டில் ஒரு மாலைப் பாலை இரண்டு தடவை எழுதியிருந்தார். "வீட்டுல போய் எப்படி மிஸ் சொல்றது?" என்று அவள் கேட்டதுதான் அந்த வருடத்தில் என் வகுப்பில் வந்த சிறந்த கேள்வி. அதற்கு ஓப்பன் ஆபிஸில் சூத்திரம் கிடையாது.

தமிழ்த் தட்டச்சும் அப்படித்தான். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஆட்சியருக்கு மனு எழுத, பஞ்சாயத்து அலுவலகத்தில் தீர்மானம் தட்டச்சு செய்ய, டிடிபி கடையில் உட்கார அது உதவாது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை கற்பதற்கு லேசானது. உயிரெழுத்து இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். க, ப, ம, த, ந என்று அதிகம் புழங்கும் எழுத்துகள் விரல் அடியிலேயே இருக்கும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு விசை போதும்; ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். தினம் 15 நிமிடம், இரண்டு வாரம். பாடத்திட்டம் இதைக் கேட்கவில்லை. எனக்குத் தோன்றிச் செய்கிறேன்.

ப்ளஸ் டூவில் பைத்தான் என்ற நிரல்மொழி வருகிறது. மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. செய்முறைக்கு நிரல்களை மனப்பாடம் செய்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஓர் எழுத்து தப்பினால் திரையில் சிவப்பாக நாலு வரி வரும், உடனே என்னிடம் ஓடிவருவார்கள். இப்போதெல்லாம் நான் எழுந்து போவதில்லை. "கடைசி வரியை வாசி" என்பேன். இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று அது சொல்கிறதா? அப்போது நீதான் எழுத்தை விட்டிருக்கிறாய். ஒரகடம் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார், திரையில் எரர் வந்ததும் பதறாமல் அதை வாசித்துச் சொல்லும் பையன்களைத்தான் சூப்பர்வைசர் தேடுகிறாராம். பைத்தான் அங்கே தேவைப்படவே இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தடை போடச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ஒரு காரியம் செய்தேன். நம் ஊர் ஏரியை வெட்டியது யார் என்று சாட்ஜிபிடியிடம் கேட்கச் சொன்னேன். ஒரு சோழ மன்னர், ஓர் ஆண்டு, கூடவே கல்வெட்டுச் சான்று. எங்கள் ஏரிக்கரையில் கல்வெட்டே கிடையாது. வகுப்பு சிரித்து முடித்ததும், "அப்ப போன வாரம் அதைப் பார்த்து எழுதின அசைன்மென்ட்டு?" என்று கேட்டேன். சத்தமே இல்லை.

இனிப் பெற்றோருக்குக் கொஞ்சம். பிள்ளையின் மின்னஞ்சலைப் பத்தாம் வகுப்பிலேயே, பிள்ளை கையாலேயே உருவாக்கவையுங்கள். அதில் வீட்டுப் போன் எண் இருக்கட்டும், பாஸ்வேர்டு வீட்டு நோட்டில் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். நோட்டில் எழுதாதே என்று நிபுணர்கள் சொல்வார்கள். பிரவுசிங் சென்டர் நோட்டில் இருப்பதற்கு வீட்டு நோட்டு எவ்வளவோ மேல். சென்டருக்குப் போவதே தப்பு என்று சொல்லவில்லை. அங்கே போனாலும் நாற்காலியில் பிள்ளை உட்காரட்டும், சென்டர்காரர்கள் பக்கத்தில் நின்று சொல்லட்டும். வெளியே வரும்முன் லாக் அவுட் செய்து, டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும் ஆதார், சான்றிதழ் நகல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஊர் சென்டர் ஒன்றில் நான் உட்கார்ந்தபோது யார் யாருடைய சாதிச் சான்றிதழெல்லாமோ என் கண்ணில் பட்டது. மதிப்பெண் சான்றிதழ், அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலேயே கிடைக்கிறது.

அப்புறம் வேலை வாங்கித் தருகிறோம் என்று வரும் குறுஞ்செய்திகள். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டு என்பார்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இந்த வருடம் முதல் பருவத்தின் கடைசிச் செய்முறை வகுப்பில் 43 பேரையும் ஒரே வேலை செய்யச் சொன்னேன். சொந்த மின்னஞ்சலிலிருந்து, பொருள் வரி எழுதி, ஒரு பக்க பயோடேட்டாவை இணைத்து எனக்கு அனுப்ப வேண்டும். சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், 38 வந்திருந்தது. இரண்டு பேர் என் முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். ஒருத்தியின் கடிதம் டிராஃப்டில் நிற்கிறது. இரண்டு பேர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள், பின்பெஞ்சு, ஆறாம் நம்பர் கணினி. அங்கே மவுஸ் யார் கையில் இருந்தது என்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.