வலிக்காத கட்டியும் தைப்பூசம் வரை தள்ளிப்போன தேதியும்

பினாங்கில் ஒரு மார்பகக் கிளினிக்கில் தாதியாகப் பணிபுரியும் நான், புதிதாக வரும் எவரிடமும் முதலில் கேட்பது, கட்டி எப்போது கைக்குத் தட்டுப்பட்டது என்பதைத்தான். பதில் பெரும்பாலும் தேதியாக வராது, பண்டிகையாக வரும். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது பட்டது என்றார். எண்ணெயோ சோப்போ பூசிய விரலுக்குச் சிறிய கட்டியும் எளிதில் பிடிபடும் என்பதால், அது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்த அவர், தைப்பூசம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டார்.

"வலியே இல்லையே மிஸ்ஸி, வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்" என்றார். மிஸ்ஸி என்பது இங்கே தாதியை அழைக்கும் சொல்.

இதைச் சொல்லாதவர்கள் குறைவு. பல்வலிக்கும் இடுப்புவலிக்கும் உடனே ஓடும் நாம், வலிக்காத ஒன்றை ஆபத்தில்லாதது என்றே எடுத்துக்கொள்கிறோம். மார்பகப் புற்றுநோயோ தொடக்க நிலையில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாறாக, மாதவிடாய்க்கு முன் இரு மார்பகங்களிலும் வரும் வலி பெரும்பாலும் ஹார்மோன் மாற்றத்தால் வருவதே. தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனை. விரலோ, பக்கத்து வீட்டு அக்காவோ அல்ல. கட்டி மட்டுமின்றி, தோலில் குழி விழுதல், ஆரஞ்சுத் தோல்போல் தடித்தல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் வீக்கம் ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசிய இந்தியப் பெண்களில் 23 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. அதே காலத்தில் நாடு முழுவதும் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர், நோய் முற்றிய மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பது இன்னொரு வழக்கமான பதில். ஆனால் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். மாதவிடாய் நின்றபின் கூடும் எடை, மது, உடலுழைப்பின்மை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது குறைக்கும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களுக்கும் வருகிறது என்பதால், "நான் என்ன தப்பு செய்தேன்" என்ற கேள்விக்கு நான் ஒருபோதும் காரணம் தேடித் தருவதில்லை.

மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையில் மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்துவார்கள். வலி இருக்கும், ஆனால் பொறுக்கக்கூடியது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் தகுதியுள்ள 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது கிடைக்கிறது. கட்டி தட்டுப்பட்டவரோ அத்தகைய திட்டத்துக்காகக் காத்திராமல், நேரே கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசுச் சுகாதார மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பது, என்றதும் அந்த அம்மாவின் மகன், "ஊசி பட்டால் பரவிடாதா?" என்று தணிந்த குரலில் கேட்டார். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டபின் எடுக்கும் அந்த நூலளவு சதைதான், கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளர்கிறதா, ஹெர்2 புரதம் மிகுந்துள்ளதா என்று காட்டி, எந்த மருந்து பயன்தரும் என்பதைச் சொல்லும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சுக்கு அஞ்சி, வேர்ப்பொடியும் கஷாயமும் குடித்துக் காலம் கடத்தியவர்களைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கோபம் நோயாளிகள்மீது அல்ல.

கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தால், பலருக்கு மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுக்க முடியும். உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதனால் குறைவதில்லை. தைப்பூசம் வரை காத்திருந்த அம்மாவுக்கு முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அறுவைச் சிகிச்சைக்குப்பின் மூன்றாம் மாதம் வந்தபோது ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார்: பருத்தித் துணியில் ஒரு பை, அதற்குள் பச்சைப்பயறு நிரப்பிய சிறு முடிச்சு. பஞ்சு வைத்தால் எடையில்லாமல் ரவிக்கை மேலேறிவிடுகிறதாம். பயறு வைத்தால் தோள் சமமாக நிற்கிறதாம். அக்குளில் நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்ட கை வீங்கக்கூடும் என்பதால், அவர் தையல் இயந்திரத்தில் உட்காரும் நேரத்தையும் கைப்பயிற்சியையும் சேர்த்து அட்டவணை போட்டோம். கையை அசைக்காமல் வைத்திருப்பது தோளை இறுக்கிவிடும். அந்தக் கையில் தையல் ஊசி குத்திய இடம் சிவந்து சூடேறினால் அன்றே வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கட்டி ஈஸ்ட்ரோஜனால் வளர்வதைத் தடுக்க, தினமும் ஒரு தமொக்சிஃபென் மாத்திரை, குறைந்தது ஐந்தாண்டு. இரவில் உடல் கொதிப்பதாகச் சொல்கிறார். ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. சென்ற வாரம், அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடத்தைத் தலையில் வைக்கலாமா என்று கேட்டார். அந்தக் கை இப்போது தோளுக்கு மேல் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க, சுவரோரம் நிற்கச் சொல்லி அளந்தேன்.