பூனைக்குத் தெரியாத இனிப்பு

இங்க யாங்கோன்ல திஞ்சான் தண்ணித் திருவிழாவும் நம்ம சித்திரை வருசப்பிறப்பும் ஒட்டி ஒட்டியே வரும், அப்ப எங்க தெருவுல எல்லா வீட்லயும் மோன் லோன் யே போ செய்வாங்க, அரிசிமாவு உருண்டைக்குள்ள பனவெல்லத் துண்ட வச்சு கொதிக்கிற தண்ணியில போட்டா வெந்ததும் மேல மிதந்து வரும். இந்தத் தடவ ஒரு உருண்ட தட்டுல உடைஞ்சு பாகு ஒழுகிருச்சு. கொஞ்ச நேரத்துல எறும்பு வரிசை கட்டிருச்சு, ஈயும் வந்துருச்சு, எங்க பூனை மட்டும் மோந்து பாத்துட்டு பேசாம போயிருச்சு.

அதுக்கு அந்தப் பாகு இனிக்கவே இல்லங்க. நம்ம நாக்குல இனிப்ப கண்டுபிடிக்க டி1ஆர்2, டி1ஆர்3ன்னு ரெண்டு புரோட்டீன் ஜோடியா சேர்ந்து நிக்குது, சர்க்கரை அதுல வந்து ஒட்டினாத்தான் மூளைக்கு "இனிப்பு"ன்னு சேதி போகும். பூனைக்கு முதல் புரோட்டீனுக்கான ஜீன்ல 247 டிஎன்ஏ எழுத்து அப்படியே காணோம், அதனால அந்த ஜோடியே சேராது. 2005ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியால இருக்கற மோனெல் ஆய்வு மையத்துக்காரங்க இத கண்டுபிடிச்சாங்க, புலிக்கும் சிறுத்தைக்கும் கூட இதே கதைதான். கறி மட்டுமே தின்னு வாழ்ற பிராணிக்கு இனிப்பு தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல, அதான் அந்த ஜீன் கெட்டுப்போயும் பூனை நல்லாவே பிழைச்சிருக்கு. கடல் சிங்கம், டால்பினும் இப்படி இனிப்ப இழந்ததுங்கதான்.

பக்கத்து வீட்டு அத்தை ஒத்துக்கல. "எங்க பூனை ஐஸ்கிரீம் நக்குதேடா?"ன்னாங்க. அது பால் கொழுப்புக்காக நக்குது அத்த, சர்க்கரைக்காக இல்லன்னேன்.

ஈய கிட்டக்க குனிஞ்சு பாருங்க, அவ்வளவு அழகு. அதுக்கு ருசி காலுலயே இருக்கு, பாகுல கால் பட்ட உடனே மடக்கி வச்சிருந்த வாய்க்குழல் கீழ இறங்கி ஒத்தி ஒத்தி எடுக்கும். நாம நடந்துபோற தரையெல்லாம் ருசி தெரிஞ்சா எப்படி இருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன்.

பறவை விசயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பூனைக்கு கெட்டுப்போன அந்த ஜீன் கோழிக்கு சுத்தமா இல்லவே இல்ல, மத்த பறவைகளுக்கும் அப்படித்தான். அப்ப அமெரிக்காவுல பூவுக்குப் பூ பறந்து தேன் குடிக்கிற ஹம்மிங்பேர்டுக்கு மட்டும் எப்படி இனிக்குது? 2014ல விடை கிடைச்சுது, கறி சூப்புல இருக்கற உமாமி ருசிய கண்டுபிடிக்கிற வேற ஒரு ஜோடி இருக்கு, அதுங்களுக்கு அந்த ஜோடி கொஞ்சம் கொஞ்சமா மாறி சர்க்கரையையும் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. தொலைஞ்ச சாவிக்குப் பதிலா வேற சாவிய ராவி அதே பூட்டத் திறந்த மாதிரி.

நாக்குக்கு இனிச்சா மட்டும் பத்தாது, வயித்துக்கும் ஒத்துக்கணும். மைனாவோட சொந்தக்காரப் பறவை ஸ்டார்லிங், அதுக்கு சுக்ரோஸ, அதாவது நம்ம வீட்டுச் சர்க்கரைய, உடைக்கிற என்சைம் குடல்ல கிடையாது, சுக்ரோஸ் தண்ணி குடிச்சா வயித்தால போகும், ஆனா குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் செரிக்கும். பனவெல்லத்துல பெரும்பங்கு சுக்ரோஸ்தான். எங்க மாடிக்கு வர்ற மைனாவுக்கு இத்தன வருசமா வெல்லத்தண்ணி வச்சிட்டு இருந்தேன், இது தெரிஞ்சதுல இருந்து நிறுத்திட்டேன், இப்ப நாலு திராட்சைய நறுக்கி வைக்கிறேன், அதுல இருக்கற சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான், காலையில வந்து தோல மட்டும் மிச்சம் வச்சிட்டுப் போகுது.